எனக்காக அவர்கள் சொல்லும் பெயர்

1994 தை (ஜனவரி) 8, சனி

எழுந்ததும் முதல் வேலை: கிணற்றடிக்குப் போய், வாளியை இறக்குமுன் உள்ளே குனிந்து ஒரு சொல் சொல்லிப் பார்த்தேன். "தேங்காய்." வந்தது. "அரிசி." வரவில்லை. முதல் எழுத்திலேயே தொண்டை இறுகிக்கொண்டது. கிணறு கொஞ்சம் காத்திருந்தது. பிறகு அதுவும் விட்டுவிட்டது.

இரவெல்லாம் மழை. இப்போது தூறல்கூட இல்லை. முற்றத்து மணல் கறுத்துக் குளிர்ந்து கிடக்கிறது. வாவி முழுவதும் பனிமூட்டம். எதிர்க்கரை இல்லை. ஒரு தோணி மட்டும் ஆகாயத்தில் மிதப்பதுபோல. அதில் இருந்தவர் வலையை உதறியபோது சத்தம் பிந்தி வந்து சேர்ந்தது.

இன்று வந்த சொற்கள்: தேங்காய், பாண், பசை, சனி, தவமணி.
வராதவை: அரிசி, அண்ணா, ஆசுபத்திரி. ஓம் வராது. இல்லை வராது. இந்த இரண்டும் இல்லாமல் மூன்றரை வருடம் சீவித்தாயிற்று. தலை இருக்கிறது, ஆட்டலாம்.

சிரிப்பு வரும். இருமல் வரும். குசுகுசுப்பு நன்றாகவே வரும். மனிதரோடு கதைக்கிற குரல்தான் உடைகிறது. கேட்பவர்களுக்கு, இதோ அழப்போகிறாள் என்று தோன்றுமாம். அழுகை எனக்குக் கிட்டவும் இல்லை. மாவுக்கு விலை கேட்டுக்கொண்டிருப்பேன், கடைக்காரரின் முகம் கசிந்துவிடும்.

பின்னேரம் நாவற்குடா. யோகம் அக்கா வீடு. சனிக்கிழமைப் பெண்கள்.

எல்லாரும் ஆளைத் தொலைத்தவர்கள். புருசன், மகன், தம்பி. ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. யோகம் அக்காவுக்கு மூத்த மகன். முன்பு மருத்துவிச்சியாக இருந்தவர். இப்போதும் யாரையும் அந்தக் குரலில்தான் அதட்டுவார். பழைய பேப்பரை வெட்டி, கோதுமை மாவில் பசை காய்ச்சி, கடைகளுக்குப் பை ஒட்டுகிறோம். அங்கே ஒரே ஒரு சட்டம்.

"கை நிக்கப்படாது. கதைக்கிறவட மூஞ்சியப் பாக்கப்படாது. அவ முடிக்குமட்டும் ஒருத்தரும் வாய் வைக்கப்படாது."

அழுகிறவர்களுக்காகப் போட்ட சட்டம். என் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. யாரும் பார்க்காவிட்டால் கொஞ்சம் இளகுகிறது. இன்று பசை கட்டிபட்டதைப் பற்றி ஒரு முழு வசனம் சொன்னேன். எவ்வளவு நேரம் எடுத்ததோ. ஒருத்தரும் என் வசனத்தை எடுத்து முடித்துவைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில், கடையில், அண்ணா வீட்டில், எல்லா இடத்திலும் என் வசனங்களை மற்றவர்கள்தான் முடிக்கிறார்கள், பெரும்பாலும் பிழையாக.

"இந்தத் தாளில ஆர்ரயோ கலியாணப் படம் கா. மாப்பிள்ளட மூஞ்சில பசை பூசிப் போட்டன்."

"நல்லது. அவன் பேசாம இரிக்கட்டும். பொம்புளைக்கு நிம்மதி."

சிரிப்பு. நானும். என் சிரிப்பு தெளிவாக, இளம்பெண்ணின் சிரிப்புப்போல வந்தது. பக்கத்தில் இருந்த தவமணி, புருசனைத் தொலைத்தவள், கையை நிறுத்தாமல் தலையை மட்டும் என் பக்கம் சரித்தாள்.

போகுமுன் ஒவ்வொருவரும் தன் ஆளின் பெயரை ஒருமுறை சொல்வது வழக்கம். என் முறை வந்தது. நான் வாய் திறக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து எனக்காகச் சொன்னார்கள்.

"நடேசன் மாஸ்டர்."

தை 9, ஞாயிறு

வெயிலும் தூறலும் மாறி மாறி. சேலைகள் மூன்று துவைத்தேன். காயவில்லை.

நடேசன் மாஸ்டர் எனக்கு யாருமில்லை. இதை இங்கே எழுதுவது சுகமாக இருக்கிறது.

தொண்ணூறில் எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். ஒருநாள் வரவில்லை. பிறகும் வரவில்லை. அந்த வருடம்தான் என் குரலும் கெடத் தொடங்கியது. அண்ணாவின் மனைவி, என் மச்சாள், இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார். "ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸிலதான் போய் வந்தவங்க. இவ வாய் திறந்து ஒண்டும் சொல்லல்ல. குரல் சொல்லிப் போட்டுது." ஆவணியில் என்னை யோகம் அக்காவிடம் கூட்டிப் போனதும் மச்சாள்தான். அன்பினால்தான்.

முதல் நாளே மறுக்கப் பார்த்தேன். "இல்லை" என்று தொடங்கினேன். இ-யிலேயே மூன்றாக உடைந்தது. யோகம் அக்கா, "வேணாம் பிள்ள, சொல்லாத. எங்களுக்கு விளங்குது" என்றார். எல்லாரும் தலையைக் குனிந்து பை ஒட்டினார்கள். அந்த அமைதி! மூன்று வருடத்தில் முதல்முறையாக ஓர் அறை எனக்காகக் காத்திருந்தது.

குசுகுசுப்பில் சொல்லியிருக்கலாம். எழுதிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

அவரைப் பற்றி எனக்கு உண்மையில் தெரிந்தவை:
மன்னார்ப் பக்கத்து ஆள். டவுனில் ஓர் அறையில் தனியாக.
பச்சை மையில் திருத்துவார். சிவப்பு, பிள்ளைகளுக்குப் பயமாம்.
மத்தியானம் ரொட்டியும் சம்பலும். யன்னல் பக்கம் திரும்பி இருந்து சாப்பிடுவார்.
பஸ்ஸில் ஒருமுறை கேட்டார்: "இந்த வாவி கடலோட எந்த இடத்தில சேருது டீச்சர்?" கையால் காட்டினேன். முகத்துவாரம். ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்றார்.

அவ்வளவுதான். ஆனால் சனிக்கிழமைகளுக்குப் பிறகு கனவில் வருகிறார். நேற்றும். வாவியின் மேல் நடந்து வருகிறார், கணுக்கால் மட்டும் நனைகிறது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் மட்டும் நிறையக் கதைக்கிறேன், தங்குதடையில்லாமல், ஆறு ஓடுகிற மாதிரி. கண் விழித்ததும் தொண்டை ஈரமாக இருந்தது.

தை 11, செவ்வாய்

பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. ஒன்பதாம் வகுப்பு. நான் கரும்பலகையில் எழுதுகிறேன், பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கிறார்கள். அதிபருக்கு இது ஒரு பெரிய படிப்பித்தல் முறைபோலத் தோன்றுகிறது. பாராட்டினார். பாவம்.

வரும்போது பாலத்தடியில் சோதனை. வழக்கம்போல எல்லாரையும் இறக்கி நடக்க விட்டார்கள். புது ஆமிக்காரன். மிகவும் இளவயது. அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டீச்சர்தானே?"

தலையாட்டினேன்.

"வாய் இல்லையா? சொல்லு."

ஓம் என்று சொல்லவேண்டியிருந்தது. ஓ... ஓ... உடைந்தது. அவன் முகம் மாறியது.

"ஏன் பயம்? பயம் எண்டா உள்ளுக்கு என்னமோ இருக்கு. பை திற."

பையில் சுருட்டிய மட்டை. பிள்ளைகளுக்காக நான் வரைந்த வாவியின் வரைபடம். தீவுகள், பாலங்கள், துறைகள், எல்லாம் நிறம் தீட்டி. படிப்பிக்கிறவளுக்கு வரைபடம், பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே அது வேறு சாமான் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை!

மணல் மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார்கள். வேறு இரண்டு பேர் வந்து வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள். ஒருவன் விரலால் வாவியைக் கடந்து எதிர்க்கரை வவுணதீவுக்குப் போனான். கேள்வி கேட்டார்கள். நான் பதில் சொல்லச் சொல்லக் குரல் இன்னும் மோசம். குசுகுசுத்துப் பார்த்தேன், அது இன்னும் கள்ளத்தனமாக இருந்தது. நிழல் பாலத்தின் இரும்பு வழியே நகர்ந்து தண்ணீரில் இறங்கியது. அந்த நேரத்தில் எனக்கு ஒரு பயமும் இல்லை என்பது விசித்திரம். தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கோ தொலைவில் யாரோ என்னைப் பற்றி விசாரிப்பதுபோல.

டவுன் கடைகளுக்குப் பைக்கட்டுக் கொடுத்துவிட்டு வந்த தவமணி கண்டுவிட்டாள். நேரே உள்ளே வந்தாள். அவளுக்குச் சிங்களம் நாலு சொல்.

"மாத்தயா நே! இவக்கு மாத்தயா நே!" என்று தன் தாலியைத் தொட்டு, பிறகு என் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். புருசன் இல்லை, அதனால்தான் இந்தக் குரல்.

இளவயதுக்காரன் என்னைப் பார்த்தான். பிறகு பார்க்கவில்லை. மட்டையைச் சுருட்டித் தந்தான். போகச் சொன்னான்.

பாலம் முழுவதும் தவமணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"படத்தக் கீறிக்கிட்டுத் திரியிறீங்களே டீச்சர், உங்களுக்கு மூளை இரிக்கா? கீறுறதெண்டா மாட்டக் கீறுங்க, மரத்தக் கீறுங்க."

தை 12, புதன்

தொண்டை மோசம். லீவு. மல்லித் தண்ணி, வெந்நீரில் உப்பு. மச்சாள் கோயிலில் ஓதிய நூல் ஒன்று அனுப்பியிருக்கிறார். பயந்த கோளாறுக்கு. கட்டிக்கொண்டேன், அழகான சிவப்பு.

நேற்று என்னைக் காப்பாற்றியது அந்தப் பொய். என் பொய் இல்லை. ஆனால் நான் அதன் மேலேறி நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தை 14, வெள்ளி. பொங்கல்

வானம் கழுவினமாதிரி. முற்றத்தில் கல் வைத்துப் பொங்கினேன். தனி ஆளுக்கு ஒரு பொங்கலா என்று போன வருடம் விட்டுவிட்டேன். இந்த வருடம் தவமணி வந்தாள், தன் சின்ன மகளோடு. அவள் சொந்த ஊர் வவுணதீவு. இப்போது நாவற்குடாவில் யாரோ ஒருவரின் வளவில் கொட்டில். வட்டையில், அங்கத்தைய வயல்வெளியில், நெல் என்ன நிலையோ, வெட்ட ஆள் உண்டோ என்று பானையைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பால் பொங்கியது. தவமணி குரவை போட்டாள். நானும் வாயைத் திறந்தேன், யோசிக்காமல். வந்தது. உடையாமல், நடுங்காமல், நீளமாக. மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டுக்காரி பதில் குரவை போட்டாள். மூச்சு முடிந்தபிறகும் நான் நிறுத்தவில்லை என்று நினைக்கிறேன். வேலியில் இருந்த காகங்கள் எழும்பிப் போயின.

தவமணி கண்ணை விரித்தாள். "உங்கட குரல் எங்கயும் போகல்ல டீச்சர். உள்ளுக்குத்தான் இரிக்கி. கதவுதான் பிழை."

சின்னவள் இன்னும் ஒருமுறை போடச் சொன்னாள். போட்டேன். பொங்கல் அடிப்பிடித்தது.

சாப்பிட்டு முடித்ததும் தவமணி விஷயத்துக்கு வந்தாள். அவள் புருசன் தயிர் விற்க டவுனுக்கு வந்த இடத்தில் பிடிபட்டவர். தயிர்முட்டி இரண்டையும் யாரோ நல்ல மனிதர் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆள் வரவில்லை. இப்போது ஆமி முகாமுக்குப் புதுப் பெரியவன் ஒருவன் வந்திருக்கிறானாம். புதன்கிழமைகளில் பிடிபட்டவர்களின் வீட்டாரைச் சந்திக்கிறானாம். தமிழ் தெரியாது, இங்கிலிஸ் கதைப்பானாம்.

"வாற கிழமைக்கு அடுத்த புதன் எனக்கு முறை தந்திரிக்கி. நீங்க வாங்க டீச்சர். உங்களுக்கு இங்கிலிஸ் தெரியும். மறுகா, உங்கட குரலக் கேட்டா கல்லும் கரையும். நான் கதைச்சா சண்டைக்கு வந்தமாதிரி இரிக்கும்."

நான் என் தொண்டையைக் காட்டினேன்.

"நேரமெடுத்துக் கதையுங்க. அவனுக்கு வேற என்ன வேல?" பிறகு, தட்டைக் கழுவிக்கொண்டே: "மாஸ்டரையும் சேத்துக் கேப்பம். பெண்சாதி எண்டே சொல்லுங்க. பெண்சாதி, தாய் கேட்டாத்தான் அவனுகள் பதில் சொல்லுவான்கள்."

தலையாட்டினேனா என்று தெரியவில்லை. அசைந்திருக்கும்.

தை 15, சனி

யோகம் அக்கா வீடு. பேப்பர் ஈரம், பசை பிடிக்கவில்லை. தவமணி எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். ஆளுக்கொரு யோசனை.

"வெள்ளைச் சேலை உடுத்திட்டுப் போங்க."

"ஏன் கா, மனுசன் செத்திட்டார் எண்டா? வாயக் கழுவு. நிறச் சேலைதான்."

"கலியாணம் எழுதின துண்டு கேட்டா?"

ஒரு கணம் கைகள் நின்றன. யோகம் அக்கா நிமிர்ந்தார். "போன மாதம் ஒருத்தி அக்காட மகன எண்ட மகன் எண்டு சொல்லிப் பிடிபட்டவ. அண்டைக்குப் போன ஆக்கள் எல்லாரையும் சேத்துக் கலைச்சிட்டான்கள். பொய்க்காரிகளாம். யோசிச்சுச் செய்யுங்க."

"டீச்சருக்கும் மாஸ்டருக்கும் எழுத்து இல்லத்தான். மனசு இருந்ததுதானே" என்றாள் தவமணி.

எல்லாரும் என் பெயரைச் சொன்னார்கள். அவர் பெயரை, என்று எழுத வேண்டும்.

தை 17, திங்கள்

ஆசுபத்திரி. கொழும்பிலிருந்து தொண்டை டாக்டர் வந்திருப்பதாக அண்ணா எனக்கு நம்பர்த் துண்டெடுத்து வைத்திருந்தார். வாங்கில் உட்கார்ந்து நீண்ட நேரம். எதிர்ச்சுவரில் ஈரம் படர்ந்து ஒரு தீவுக்கூட்டம். அதற்குப் பெயர்கள் வைத்துக்கொண்டிருந்தேன்.

நரைத்த, களைத்த மனிதர். ஆங்கிலத்தில் கேட்டார். ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். உடைந்தது. குசுகுசுக்கச் சொன்னார், பாடச் சொன்னார். பிறகு தன் மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு மேசையெல்லாம் தேடினார். நான் சிரித்துவிட்டேன். அவர் நிமிர்ந்து, "இதைத்தான் கேட்கவேண்டும் என்று இருந்தேன்" என்றார். வேண்டுமென்றே தேடினாரா என்று இன்னும் தெரியவில்லை.

சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். ஒரு கட்டியும் இல்லை. கதைக்கிற நேரத்தில் மட்டும் குரல்வளைத் தசைகள் தாமாக இறுகிக்கொள்கின்றனவாம். மூளை அனுப்புகிற செய்தியில் ஒரு கோளாறு. நீண்ட பெயர் ஒன்று எழுதித் தந்தார். வெளிநாட்டில் ஊசி போடுகிறார்களாம். இங்கே மருந்து இல்லை. உயிருக்கு ஒன்றும் வராது. முற்றாக மாறும் என்றும் சொல்லமாட்டார்.

"உங்களுக்கு ஏதோ நடந்திருக்கவேண்டும் என்று எல்லாரும் சொல்லியிருப்பார்களே?"

தலையாட்டினேன்.

"இது துக்கத்தால் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. பயத்தாலும் அல்ல. நீங்கள் எதையும் மறைத்துவைத்திருக்கவில்லை. சிலருக்கு இப்படி வருகிறது, அவ்வளவுதான்."

வெளியே வந்து மதிலோரம் நின்றேன். வாவிக் காற்று. மூன்றரை வருடமாக என்னை நானே துருவித் துருவிப் பார்த்திருக்கிறேன், உள்ளே ஏதாவது கிடக்கிறதா என்று. ஒன்றுமில்லை. ஒரு வெற்று அறையைக் காட்டி, வெறும் அறைதான் என்று ஒருவர் சொன்னால் எவ்வளவு வெளிச்சம் வருகிறது!

பாலத்தில் நடக்கும்போது அந்த வெளிச்சம் குறைந்தது. துக்கம் இல்லாதவளுக்குச் சனிக்கிழமையில் என்ன இடம்?

தை 18, செவ்வாய்

திரும்பவும் மழை. ஓட்டில் ஓர் இடம் ஒழுகுகிறது. கோப்பை வைத்தேன்.

மச்சாள் வந்தார். டாக்டர் சொன்னதைக் குசுகுசுப்பில் சொன்னேன்.

"அவருக்கு என்ன தெரியும்? கண்ணாடிய விட்டாத் தொண்டை தெரியும். மனசு தெரியுமா?"

மாஸ்டர் எனக்கு ஒன்றுமில்லை என்றும் சொன்னேன். முதல்முறையாக ஒருவரிடம்.

மச்சாள் ஒழுக்குக்கு வைத்த கோப்பையை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு வைத்தார். "சரி. அப்பிடியே இருந்தாலும் இப்ப அதக் கிளப்பாத. அவளுகள் உன்னத் தலைக்கு மேல வச்சிருக்காளுகள். போன ஆவணிக்கு முதல் நீ எப்பிடி இருந்த? கதவப் பூட்டிட்டுப் படுத்துக் கிடந்த. அதுக்கே திரும்பிப் போகப் போறியா?"

போகும்போது, படியில் நின்று: "பொய்யெண்டு தெரிஞ்சா தவமணி உன்னக் கொல்லுவாள். அவள்ர வாய் அப்பிடி."

இதுவும் அன்புதான்.

தை 20, வியாழன்

கனவு. மாஸ்டர் முகத்துவாரத்தில் நிற்கிறார். மண்மேட்டை வெட்டிவிட்டார்கள், வாவி கடலுக்குள் பாய்கிறது. தண்ணீரின் இரண்டு நிறம். அவர் திரும்பி ஏதோ கேட்கிறார். இந்தமுறை அவருடைய குரல்தான் உடைகிறது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வாய் வைக்கவில்லை. காத்திருக்கிறேன். அவர் முடிக்குமுன் விழிப்பு.

பள்ளிக்கூடத்தில் அதிபரிடம் எழுதிக் கேட்டேன்: மாஸ்டரைத் தேடி யாராவது வந்தார்களா? "மன்னாரிலிருந்து ஒரு தங்கச்சி காகிதம் போட்டிருந்தா. ரெண்டு தரம். நான் என்னத்த எழுதுறது? சண்டையால பாதையும் இல்லை" என்றார். பிறகு என்னைப் பார்த்து, மிகவும் மெதுவாக, "நீங்க மனசத் தளரவிடாதிங்க மிஸ்" என்றார்.

அவரும்!

தை 22, சனி

சொல்லிவிடுவது என்றுதான் போனேன். டாக்டர் தந்த துண்டையும் எடுத்துப் போனேன்.

வசனத்தை 'மாஸ்டர்' என்று தொடங்கினேன். 'ம' கொஞ்சம் சுலபம். "மாஸ்டர் எ... எ... என..." நின்றது. கைகள் ஓடிக்கொண்டிருந்தன. பேப்பர் மடியும் சத்தம். நான் திரும்பவும் தொடங்கினேன். புதிதாக வந்திருந்த ஒரு பிள்ளை, தம்பியைத் தொலைத்தவள், என்னைக் கேட்டு அழத்தொடங்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. யோகம் அக்கா எழும்பி வந்து என் முதுகில் கையை வைத்தார்.

"போதும் பிள்ள. இண்டைக்கு உனக்குப் பாரம் கூட. புதன்கிழமை இரிக்கு, அதுக்கு வைச்சுக்க குரல."

துண்டு என் கைக்குள் வியர்வையில் நனைந்தது. அதைக் காட்டவில்லை. ஒருவர் அழும்போது, எனக்கு வெறும் தசைக் கோளாறு என்று எப்படி எடுத்து நீட்டுவது?

பெயர்கள். என் முறையில் தவமணி முதலில் சொன்னாள், மற்றவர்கள் சேர்ந்தார்கள். சத்தமாக. நம்பிக்கையோடு.

திரும்பி வரும்போது தவமணி பாதி வழி கூட வந்தாள். புருசனைப் பற்றிச் சொன்னாள். குறட்டை விடுவாராம், எருமைகூட எழும்பிவிடுமாம். "இப்ப நித்திரையே வருதில்ல டீச்சர், சத்தமில்லாம." பிறகு கேட்டாள்: "மாஸ்டர் எப்பிடி? கோவக்காரரா?"

பச்சை மையைப் பற்றிச் சொன்னேன். குசுகுசுப்பில். அது உண்மை.

"நல்ல மனுசன்" என்றாள்.

தை 25, செவ்வாய்

காற்று. மழை இல்லை. நிறச் சேலை தேய்த்தேன், கரிப்பெட்டியில். ஓர் இடத்தில் லேசாகப் பொசுங்கியது, மடிப்புக்குள் போய்விடும்.

தவமணி பின்னேரம் வந்து, நாளைக்குச் சொல்லவேண்டியதை இரண்டுமுறை ஒப்புவித்தாள். புருசனின் பெயர், உயரம், நெற்றித் தழும்பு, உடுத்திருந்த சாரத்தின் நிறம். நான் ஆங்கிலத்தில் மனதுக்குள் அடுக்கினேன். "நாங்க ரெண்டு பேரும் ஒரு தோணிதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊரடங்குக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம். படலையைச் சாத்தவில்லை. நான்தான் சாத்தினேன்.

விளக்கேற்றினேன். வாவியில் யாரோ தோணித் தட்டில் தடியால் தட்டி மீன் கலைக்கிறார்கள். தட்டு, இடைவெளி, தட்டு.

கலியாணத் துண்டு கேட்டால் நான் பிடிபடுவேன். என்னோடு அவளும். அவளுடைய மனுசனின் தழும்பும் சாரமும் பொய்க்காரியின் பேச்சாகிவிடும். ஒன்றும் பேசாமல் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் சனிக்கிழமை எனக்கு மிஞ்சும். ஆங்கிலம் இல்லாமல் அவள் தனியே போவாள்.

முடிவு செய்துவிட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

நாளை பாலத்தில் ஏறியதும் தவமணிக்குச் சொல்வேன். குசுகுசுப்பில் அல்ல, எழுதியும் அல்ல. இந்தக் குரலில். உடையும். அழுகிறேன் என்று நினைத்து வேண்டாம் என்பாள். கையைத் தட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். பாலம் நீளம், சோதனை வரிசை அதைவிட நீளம். ஏசுவாள். ஏசட்டும். கிறுகிப் போனாலும் போவாள். சனிக்கிழமையும் அவளோடு போய்விடலாம்.

அவள் திரும்பினாலும் நான் அந்த வாசலுக்குப் போவேன். அவளுடைய மனுசனின் பெயரைச் சொல்வேன். பிறகு, மாஸ்டரின் பெயரை, இந்தமுறை நானே. உமக்கு அவர் யார் என்று கேட்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். ஒருநாள் வரவில்லை. ஒருவரைக் கேட்டு வர அது போதாது என்றால், போதாது என்று அவர்களே வாயைத் திறந்து சொல்லட்டும்.